‘சற்று’ என்ற சொல்லைக் கணக்கில் சேர்த்தவர்கள்

தண்ணீரின் சட்டங்களைப் பாடமாக நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களில் ஒருவராவது இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார். ஷாஃபிஈ மத்ஹபின்படி, இரண்டு குல்லத் அளவை எட்டிய தண்ணீரில் அசுத்தம் விழுந்தாலும், நிறமோ சுவையோ வாடையோ மாறாதவரை அதன் தூய்மை கெடுவதில்லை. அளவு அதற்குக் குறைந்தால் கெட்டுவிடும். “ஹஜ்ரத், சரியாக இரண்டு குல்லத் இருக்கும்போது ஒரு குவளை மொண்டுவிட்டால்?” என்று இவ்வாண்டு கேட்டவர் பன்னிரண்டு வயது மாணவர்.

நல்ல கேள்விதான். அறிஞர்களும் இதை எண்ணாமல் இல்லை. அவ்வளவை 500 பக்தாத் ராத்தல் என்று கணக்கிட்டவர்கள், ‘தக்ரீபன்’, அதாவது ‘ஏறத்தாழ’ என்ற சொல்லையும் அருகிலேயே எழுதிவைத்தார்கள். ஒன்றிரண்டு ராத்தல் குறைவதால் சட்டம் மாறாது. ஹனஃபி மத்ஹபிலோ, எது ‘அதிகத் தண்ணீர்’ என்பதை அதனைப் பயன்படுத்த நேர்ந்தவரின் கணிப்புக்கே முதலில் விட்டார்கள். பத்துக்குப் பத்து முழம் என்ற அளவு, மக்களின் எளிமைக்காகப் பின்னர் வந்தது.

இந்த ‘ஏறத்தாழ’ என்ற சொல்லைக் கணிதத்துக்குள் கொண்டுவந்து, அதைக்கொண்டு ஆலைகளையும் இரயில்களையும் இயக்க வழிசெய்த ஒருவரின் வரலாற்றை அம்மாணவருக்குச் சொன்னோம். அதையே இங்கு எழுதுகிறோம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: அவர் ஃபிக்ஹு நூல்களைப் படித்து இதைக் கண்டுபிடித்தார் என்று எவரும் மேடையில் பேசிவிட வேண்டாம். அப்படி ஒரு தொடர்பு இல்லை. எல்லா அறிவியலையும் நம் கணக்கில் எழுதிக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே ஏற்கெனவே அதிகம்.

லுத்ஃபி ஸாதே 1921-இல் பாகு நகரில் பிறந்தார். தந்தை ஈரானின் அர்தபீலைச் சேர்ந்த பத்திரிகையாளர். தாயார் ஒடெஸாவைச் சேர்ந்த யூதக் குடும்பத்துப் பெண்மணி; குழந்தை மருத்துவர். பத்து வயதில் குடும்பத்துடன் தெஹ்ரானுக்குக் குடிபெயர்ந்த ஸாதே, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்று 1942-இல் பட்டம் பெற்றார். 1944-இல் அமெரிக்கா சென்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே பணியாற்றியபின், 1959 முதல் பெர்க்லியில் பேராசிரியரானார்.

1964 ஜூலையில், நியூயார்க்கிலுள்ள பெற்றோர் வீட்டில் தனித்திருந்த ஒரு மாலைப்பொழுதில் இந்த எண்ணம் தமக்கு உதித்ததாக அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அடுத்த ஆண்டே கட்டுரை வெளிவந்தது. கணிதத்தில் ஒரு பொருள் ஒரு தொகுதிக்குள் இருக்கும், அல்லது இராது. மத்ரஸாவில் மன்திக் படித்தோருக்கு இது புதிதன்று: ஒன்றுக்கொன்று முரணான இரண்டு ஒன்றுசேரா, இரண்டும் ஒருசேர விலகவும் மாட்டா. ஆனால் ‘உயரமான மனிதர்கள்’ என்ற தொகுதிக்கு வேலி எங்கே? ஸாதே வேலியை எடுத்துவிட்டார். ஒருவர் அத்தொகுதியில் எவ்வளவு சேர்ந்தவர் என்பதை 0 முதல் 1 வரையிலான ஒரு மதிப்பால் குறித்தார். ஆறடி இருப்பவர் 0.9 அளவுக்கு உயரமானவர் என்றால், ஐந்தடி எட்டங்குலம் இருப்பவர் 0.5 அளவுக்கு உயரமானவர். (இந்த எண்கள் விளக்கத்துக்காக நாம் இட்டவை.) இதன்மேல் எழுந்த தருக்கமுறைக்கே ‘ஃபஸி லாஜிக்’ என்று பெயர். தொண்ணூறுகளுக்குப் பின் நம் வீடுகளுக்கு வந்த சலவை இயந்திரங்கள் பலவற்றின் நெற்றியில் இச்சொல் ஒட்டப்பட்டிருந்தது. என்னவென்று நாம் யாரும் கேட்கவில்லை.

அறிவுலகம் இதனை எளிதில் ஏற்கவில்லை. துல்லியமே அறிவியலின் உயிர் என்று வாழ்ந்தவர்களுக்கு, தெளிவின்மைக்குக் கணிதம் எழுதுவது பொறுப்பற்ற செயலாகத் தோன்றியது. கட்டுப்பாட்டுப் பொறியியலின் பெரும் பெயர்களில் ஒருவரான ருடால்ஃப் கால்மன் 1972-இல் ஒரு மாநாட்டில் ஸாதேயின் முன்னிலையிலேயே கடுமையாக விமர்சித்தார். பெர்க்லியில் உடன் பணியாற்றிய வில்லியம் காஹனும் இதனை வெளிப்படையாக எதிர்த்தார். ஸாதே சினந்து மறுமொழி கூறும் இயல்புடையவர் அல்லர். எழுதிக்கொண்டே இருந்தார். மொழியியல், உளவியல் போன்ற மனிதரைப் பற்றிய துறைகளே தம் கருத்தை முதலில் ஏற்கும் என அவர் எதிர்பார்த்திருந்தார். கதவைத் திறந்தவர்களோ பொறியாளர்கள்.

அவர்களில் முதல்வர் இப்ராஹீம் மம்தானி. 1942-இல் தான்சானியாவில் பிறந்து, இந்தியாவில் பொறியியல் கற்று, 1966-இல் இங்கிலாந்து சென்றவர். லண்டன் குயீன் மேரி கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியரானார். அவரும் அவருடைய மாணவர் அஸ்ஸிலியானும் ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறிய நீராவி இயந்திரத்தை வைத்திருந்தனர். கொதிகலனின் அழுத்தமும் இயந்திரத்தின் வேகமும் மாறாதிருக்க வேண்டும். வெப்பத்தையும் நீராவி செல்லும் வழியையும் அதற்கேற்பக் கூட்டிக் குறைக்க வேண்டும். சமன்பாடுகளுக்கு எளிதில் பிடிபடாத வேலை அது. ஆனால் கைதேர்ந்த ஒரு தொழிலாளி இதைச் செய்துவிடுவார். எப்படி என்று கேட்டால், “அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்து, இன்னும் ஏறிக்கொண்டே போனால், சூட்டை நன்றாகக் குறைப்பேன்” என்பார். ஸாதே 1973-இல் எழுதிய கட்டுரையைப் படித்த மம்தானி, இப்பேச்சை அப்படியே விதிகளாக எழுதிக் கணினிக்குக் கொடுத்தார். ‘கொஞ்சம்’ எவ்வளவு, ‘நன்றாக’ எவ்வளவு என்பதற்கு ஸாதேயின் 0 முதல் 1 வரையிலான மதிப்புகள். எந்த நொடியிலும் பல விதிகள் ஓரளவு பொருந்தும். ஒவ்வொன்றும் தான் பொருந்தும் அளவுக்கே இழுக்கும். அவ்விழுவைகளின் நடுநிலையே இயந்திரத்துக்குக் கட்டளையாகச் செல்லும். இயந்திரம் நன்றாக ஓடியது. 1974, 1975 ஆண்டுகளில் வெளியான கட்டுரைகள் உலகமெங்கும் படிக்கப்பட்டன.

ஆய்வுக்கூடத்தைத் தாண்டி ஆலைக்குள் இது நுழைந்தது டென்மார்க்கில், எழுபதுகளின் இறுதியில். சிமெண்ட் சூளை என்பது பல பத்து மீட்டர் நீளமுள்ள, சாய்வாகச் சுழலும் ஒரு பெரும் உருளை. உள்ளே பொருள் ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் வேகும். அங்கே புழுதி பறக்கும். அளவுகருவி காட்டுவதை முழுமையாக நம்ப முடியாது. கண்ணாடித் துளை வழியே தீயின் நிறத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய சூளைக்காரர்தான் நம்பிக்கை. எஃப்.எல். ஸ்மித் நிறுவனத்தின் பொறியாளர்கள் அத்தகையோரின் அனுபவ விதிகளையே எடுத்துக்கொண்டனர். ஆக்ஸிஜன் குறைந்தால் எரிபொருளைச் சற்றுக் குறை என்பது போன்றவை அவை. நம் ஊர்ச் செங்கல் சூளையிலும் பிரியாணி தம்மிலும் கைப்பக்குவம் என்று எதைச் சொல்கிறோமோ, அதுவே அங்கு எழுத்தில் ஏறியது. பட்டம் பெறாத ஒருவரின் கை அறிந்ததைப் பட்டம் பெற்றவர்கள் உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள் என்பது நமக்கு இவ்வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி.

ஜப்பானியர்கள் இதனை இன்னும் விரிவாக்கினர். 1987 ஜூலையில் செண்டாய் நகரின் சுரங்க இரயில் ஹிட்டாச்சி நிறுவனத்தார் உருவாக்கிய இவ்வகைக் கட்டுப்பாட்டுடன் ஓடத் தொடங்கியது. நிற்பதும் புறப்படுவதும் உடலுக்குத் தெரியாத அளவுக்கு மென்மை என்று பேசப்பட்டது. பின்னர் சோறு வடிக்கும் குக்கர், கேமரா, சலவை இயந்திரம் என்று அது வீட்டுக்குள் வந்துவிட்டது. 1995-இல் மின்பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ. தன் உயர்ந்த பதக்கத்தை ஸாதேவுக்கு அளித்தது. 2017-இல் 96-ஆம் வயதில் காலமானார். பிறந்த ஊரான பாகுவில் அடக்கம் செய்யப்பட்டார்.

மருத்துவத்தில் இதன் தேவை இன்னும் கூர்மையானது. நம் ஜமாஅத்தில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் வெறும் வயிற்றில் அவருக்குச் சர்க்கரை 125. 126 ஆனால்தான் நீரிழிவு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். “ஒன்று குறைகிறது, எனக்குச் சர்க்கரை இல்லை” என்று ஒரு வலீமா விருந்தில் அல்வாத் தட்டை அவர் தம் பக்கம் இழுத்தபோது, உடனிருந்த நாமும் சிரித்தோம். தட்டை நகர்த்திக் கொடுத்தவரும் நாமே.

அந்த 126 வானத்திலிருந்து இறங்கிய எண் அன்று. 1997-க்கு முன் அமெரிக்க மருத்துவர்களின் எல்லை 140. அவ்வாண்டு அது குறைக்கப்பட்டதும், முந்தைய நாள் வரை நோயில்லாதவர் பலர் ஒரே இரவில் நோயாளி ஆனார்கள். அவர்களின் இரத்தத்தில் எதுவும் மாறவில்லை. 100 முதல் 125 வரை இருப்போர் நோயின் வாசலில் நிற்கிறார்கள் என்பதே இன்றைய விளக்கம். வேலி ஒரு வசதிக்காக இடப்பட்டது. உடல் அதை அறியாது. மருத்துவர்களுக்கு இது தெரியும். ‘இந்நோயில் இக்குறி பெரும்பாலும் காணப்படும்’, ‘இக்குறி இந்நோயை ஓரளவு உறுதிசெய்யும்’ என்றே அவர்கள் பேசுகிறார்கள். வியன்னாவில் அட்லாஸ்னிக் என்பவரும் உடனாய்வாளர்களும் எண்பதுகளில் உருவாக்கிய காடியாக்-2 என்னும் நோயறியும் கணினி முறை, ‘பெரும்பாலும்’, ‘அரிதாக’ என்னும் அச்சொற்களையே ஸாதேயின் கணக்கில் வைத்து மூட்டுவாத நோய்கள் முதலியவற்றைப் பகுத்தறிய முயன்றது.

இன்றைய செயற்கை நுண்ணறிவு வேறு வழியில் செல்கிறது. 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நீரிழிவால் விழித்திரையில் வரும் கேட்டைக் கண்டறிய 1,28,175 படங்களைக் கொண்டு கணினி பயிற்றப்பட்டது. அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அவற்றில் உண்டு. திறமை வியப்புக்குரியது. ஆனால் மம்தானியின் விதிகளை ஒரு தொழிலாளி வாசித்து, “மூன்றாவது விதி தவறு, அங்கே ‘சற்று’ போதாது” என்று சொல்ல முடியும். படங்களால் பயின்ற கணினியிடம் அப்படி விரல்வைத்துக் காட்ட ஒரு வரி இல்லை. விரைவில் நம் வீட்டு நோயாளிகள் பலரின் அறிக்கைகள் இத்தகைய கணினிகள் வழியே வரும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாத தீர்ப்பை ஏற்பதில் நமக்குத் தயக்கம் இருக்கிறது. எனினும் கண் மருத்துவரே இல்லாத ஊரில் அது ஒரு கண்ணைக் காப்பாற்றுமானால், அத்தயக்கத்தைப் பெரிதாக்கவும் நமக்கு மனமில்லை.

அந்தப் பெரியவர் இப்போது இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின் தம் கண் பரிசோதனை அறிக்கையைக் கொண்டுவந்து நம்மிடம் வாசிக்கச் சொன்னார். விழித்திரைப் பாதிப்பு ‘லேசானது’ என்று அதில் எழுதியிருந்தது.

“எவ்வளவு லேசு, ஹஜ்ரத்?” என்று கேட்டார்.

நாம் எண் எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை மருத்துவரிடம் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.