பேஸ் கிட்டார் – தமிழ் இசையில்

பேஸ் கிட்டார், மின்சாரத்தின் துணையால் ஒலிபெருக்கப்படும் தாழ்சுருதித் தந்திக் கருவி. வழக்கமாக நான்கு தந்திகள் கொண்டது. அவை ஈ, ஏ, டி, ஜி என்ற சுரங்களில் சுருதி கூட்டப்படும். சாதாரண கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளுக்கும் இதே பெயர்கள்தான். பேஸ் அவற்றைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது. 1951இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பிறகு இக்கருவி உலகெங்கும் பரவியது. தமிழ்த் திரையிசையில் தாளத்தைத் தாங்கும் துணைக்கருவியாக நுழைந்து, 1970களின் பிற்பகுதியிலிருந்து பாடகரின் மெட்டுக்கு எதிரே தனி மெட்டு வாசிக்கும் குரலாக வளர்ந்தது.

அமைப்பு

உடற்பகுதியில் தந்தியைத் தாங்கும் பாலத்துக்கும் கழுத்தின் முனையில் தாங்கும் நட்டுக்கும் இடையே தந்தி அதிரும் நீளம் பெரும்பாலான பேஸ்களில் 34 அங்குலம், அதாவது ஏறக்குறைய 86 செ.மீ. சிறுவர்களுக்கும் சிறிய கை உள்ளவர்களுக்கும் 30 அங்குல அளவிலும் கிடைக்கிறது. வீணையின் மெட்டுகளைப் போலக் கழுத்தில் உலோக ஃபிரெட்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். ஃபிரெட் இல்லாத வகையும் உண்டு. அதில் விரலை வழுக்கிக் கமகம் பிடிக்க இயலும்.

தந்திக்குக் கீழே உள்ள பிக்கப் என்பது காந்தத்தின்மேல் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறிச் சுருளில் சிறு மின்னோட்டம் உண்டாகிறது. அதையே ஆம்ப் (பெருக்கி) பெரிதாக்கித் தருகிறது. நைலான் தந்தி இந்தப் பிக்கப்பில் ஒலிக்காது. தடித்த ஈ தந்தி நொடிக்கு 41.2 முறை அதிர்கிறது. ஐந்து தந்தி பேஸில் கூடுதலாக வரும் தாழ்ந்த பி தந்தியின் அதிர்வு 30.9.

தோற்றம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேற்கத்திய நடன இசைக்குழுக்களில் தாழ்சுரங்களை வாசித்தது பெரும்பாலும் ஆளுயர டபுள் பேஸ். அதைச் சுமந்து செல்வது கடினம். டிரம்ஸுக்கும் டிரம்பெட்டுக்கும் நடுவே அதன் ஒலி எடுபடுவதில்லை. 1930களில் சியாட்டிலைச் சேர்ந்த பால் டுட்மார்க், தோளில் மாட்டி வாசிக்கும் ஃபிரெட் வைத்த மின் பேஸ் ஒன்றைச் செய்தார். அது பரவவில்லை.

கலிபோர்னியாவில் வானொலிப் பழுது பார்க்கும் கடை நடத்திய லியோ ஃபெண்டர், 1951இல் பிரசிஷன் பேஸை வெளியிட்டார். ஃபிரெட் இருந்ததால் சுரம் பிசகாமல் விழுந்தது. கிட்டார் கலைஞர்களும் எளிதில் பழக முடிந்தது. அடுத்த ஆண்டே அதற்கென பேஸ்மேன் ஆம்ப் வந்தது. 1957இல் பிரசிஷனின் பிக்கப் இரண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, மின் இரைச்சல் குறைந்தது. இரண்டு பிக்கப்புடன் ஜாஸ் பேஸ் 1960இல் வந்தது. ஜெர்மனியின் ஹாஃப்னர் நிறுவனம் வயலின் வடிவில் செய்த பேஸை 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, அதை உலகறியச் செய்தார்.

வாசிக்கும் முறையை மாற்றியவர்களில் இருவர் முக்கியமானவர்கள். டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், பேஸ் பாடலோடு உரையாட முடியும் என்று காட்டினார். 1976இல் தம் பெயரிலேயே முதல் இசைத்தட்டு வெளியிட்ட ஜாக்கோ பாஸ்டோரியஸ், ஃபிரெட் இல்லாத பேஸை முன்னணித் தனிக்கருவியாக்கினார்.

தமிழ்த் திரையிசையில்

கோடம்பாக்கத்து வாத்தியக் குழுக்களில் வயலின், செல்லோ வரிசைக்குப் பின்னால் முதலில் நின்றது டபுள் பேஸ்தான். மும்பையில் இந்தித் திரை இசையமைப்பாளர் ஆர்.டி. பர்மன் குழுவில் டோனி வாஸ் பேஸ் கிட்டார் வாசித்த காலத்தில், சென்னையிலும் மின் கிட்டாரும் பேஸும் பாடல் பதிவுகளில் இடம் பிடித்தன. அப்போது பேஸின் வேலை பெரும்பாலும் ஆதார சுரத்தையும் பஞ்சமத்தையும் தாளத்தோடு ஒட்டித் தட்டிக்கொண்டிருப்பதே.

இந்த நிலையை மாற்றியவர் இளையராஜா. பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த அவர், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிகல் கிட்டார் தேர்வில் தேறினார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். கிட்டார் கலைஞராகத் தொழிலைத் தொடங்கிய ஒருவர் 'அன்னக்கிளி' (1976) மூலம் இசையமைப்பாளரானபோது, தாழ்சுரங்கள் எங்கே போக வேண்டும் என்பதில் அவருக்குத் தனிக் கவனம் இருந்தது.

கர்நாடக இசையில் சுருதி ஓரிடத்தில் நிற்கும். மெட்டு அதன்மேல் நகரும். மேற்கத்திய இசையில் அடித்தளமும் நகரும். பாடகர் ஷட்ஜத்தையே பிடித்து நிற்க, பேஸ் கீழே ஷட்ஜம், தைவதம், மத்யமம் என்று இறங்கினால், அந்த ஒரே ஷட்ஜம் மூன்று வெவ்வேறு கார்டுகளின் (சுரக்கூட்டுகளின்) உறுப்பாகி மூன்று நிறம் காட்டும். ராகத்தைக் கெடுக்காமல் இந்த நகர்வைச் செய்வதற்கு இளையராஜா, மேற்கத்திய இசைமேதை பாக்கின் எதிர்ப்பண் (கவுண்டர்பாயிண்ட்) முறையைப் பயன்படுத்தினார். தியாகராஜரையும் பாக்கையும் சேர்த்து நினைந்து அவர் 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?' இசைத்தட்டு இந்த அணுகுமுறையின் வெளிப்படையான ஆவணம். பேஸ் கிட்டாருக்கான பகுதியையும் மற்ற வாத்தியங்களுக்கானதைப் போலவே அவர் ஸ்டாஃப் குறியீட்டில் முழுதாக எழுதிக் கொடுத்தார். கலைஞரின் கற்பனைக்கு விடப்பட்டிருந்த இடம் இசையமைப்பாளரின் பேனாவுக்கு வந்தது.

அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். விஜி மேனுவலின் கீபோர்டு, புருஷோத்தமனின் டிரம்ஸ், சதானந்தம், சந்திரசேகர் ஆகியோரின் கிட்டார் ஆகியவற்றோடு சேர்ந்து அவரது பேஸ் ஒரு தலைமுறையின் காதைப் பழக்கியது. 'நிழல்கள்' (1980), 'பயணங்கள் முடிவதில்லை' (1982), 'மௌன ராகம்' (1986) படப் பாடல்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படம் என்று அறியப்படும் 'ப்ரியா' (1978) வந்த பிறகு, கேட்பவர்கள் வாத்தியங்களைப் பிரித்துக் கேட்கத் தொடங்கினர்.

டீக்கடை வானொலியும் சிறிய கேசட் பெட்டியும் நொடிக்கு 41 என்ற அதிர்வெண்ணைத் தரவல்லவை அல்ல. ஆனாலும் பேஸ் கேட்டது. காரணம், ஒரு தந்தி தன் அடிப்படை அதிர்வோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வுகளையும் எழுப்புகிறது. மேல் அதிர்வுகள் மட்டும் காதை எட்டினாலும் மூளை விடுபட்ட அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. எனவே நடுத்தர அதிர்வுகள் தெளிவாக இருக்கும் பேஸ் ஒலிதான் அக்காலப் பெட்டிகளில் மெட்டாகக் கேட்டது.

மின்னணுப் போட்டியும் புதிய தலைமுறையும்

1980களில் பேஸ் கிட்டாருக்குப் போட்டி வந்தது. ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற பேஸ் இயந்திரம் உள்ளிட்ட மின்னணுக் கருவிகளைக் கொண்டு மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் ராகங்களை நடனத் தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். 1983இல் யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு வந்தது. 'புன்னகை மன்னன்' (1986) படத்தில் இளையராஜா கணினி வழி இசைக்கோவையைப் பயன்படுத்தினார். மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு கலைஞரின் இடக்கையே பேஸ் வாசிக்கத் தொடங்க, பல குழுக்கள் பேஸ் கலைஞர் இல்லாமலே மேடையேறின.

'ரோஜா' (1992) படத்தில் அறிமுகமான ஏ.ஆர். ரகுமானும் தன்ராஜ் மாஸ்டரின் மாணவர். கணினியையும் சிந்தசைசரையும் அடித்தளமாகக் கொண்ட அவரது இசையில் பேஸ் கிட்டார் மறையவில்லை. சென்னைக் கலைஞர் கீத் பீட்டர்ஸ் அவரது பதிவுகளிலும் மேடைகளிலும் நெடுங்காலம் வாசித்தார். குறியீட்டில் எழுதித் தந்ததை வாசிப்பதற்குப் பதிலாக, கலைஞர் பல விதமாக வாசிக்க, இசையமைப்பாளர் பின்னர் தேர்ந்தெடுத்துக் கோக்கும் முறை வளர்ந்தது. மும்பையின் மோகினி டே இளம் வயதிலேயே ரகுமானின் மேடைகளில் வாசித்து உலக அளவில் அறியப்பட்டார். 'கோ' (2011) படப் பாடலுக்காகப் பின்னணிப் பாடகர் விருது பெற்ற ஆலாப் ராஜுவும் பேஸ் கலைஞரே. திரைக்கு வெளியே, தில்லியின் இந்தியன் ஓஷன் குழுவில் ராகுல் ராம் பேஸ் வாசித்தபடியே பாடுகிறார்.

ஒலிநயம்

பேஸின் ஒலியைத் தீர்மானிப்பவற்றில் முதலிடம் விரலுக்கு. கழுத்தை ஒட்டி மீட்டினால் ஒலி உருண்டு கனக்கும். பாலத்தை ஒட்டி மீட்டினால் இறுகித் தெளியும். அடுத்தது தந்தி. வட்டக்கம்பி சுற்றிய ரவுண்ட்வௌண்ட் தந்தி பளிச்சென்று ஒலிக்கும். பட்டையாகச் சுற்றிய ஃப்ளாட்வௌண்ட் தந்தி மந்தமாக, டபுள் பேஸுக்கு நெருக்கமாக ஒலிக்கும். ஜேமர்சன் பயன்படுத்தியது இரண்டாவது வகை. மூன்றாவதாகவே பிக்கப்பும் ஆம்பும் வருகின்றன.

ஆக்டிவ் பேஸ்களில் 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் முன்பெருக்கி உண்டு. வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றாவிட்டால் பேட்டரி தீர்ந்துவிடும். சாதாரண கிட்டார் ஆம்பில் பேஸை உரத்து வாசித்தால் ஸ்பீக்கரின் கூம்பு கிழியக்கூடும். ஒலிப்பதிவில் பெரும்பாலும் டிஐ (நேரடி இணைப்பு) பெட்டி வழியாக நேரடியாக மிக்சருக்கு இணைப்பார்கள். கம்ப்ரஸர் சுரங்களின் உரப்பைச் சமன் செய்யும். கிட்டாரும் கீபோர்டும் ஒலிக்கும் பாடலில் தாழ்ந்த பகுதியை மட்டும் ஏற்றினால் பேஸ் அதிரும், சுரம் புரியாது. நடுப்பகுதியைச் சற்றே உயர்த்துவதே சரியான வழி.

பயிற்சி

பேஸின் ஒவ்வொரு தந்தியும் முந்தையதற்கு மத்யமமாக அமைந்துள்ளது. எனவே ஓரிடத்தில் கற்ற விரல்வரிசையை அப்படியே நகர்த்தி எந்தச் சுருதியிலும் வாசிக்கலாம். ச, ப, மேல் ச என்ற மூன்று சுரங்களை ஆதி தாளத்தில் முதல் காலம், இரண்டாம் காலம் என்று வாசிப்பது நல்ல தொடக்கம். பிறகு திஸ்ரம், கண்டம் என்று நடையை மாற்றலாம். வலக்கையில் ஆள்காட்டி, நடுவிரல் இரண்டும் மாறி மாறி மீட்ட வேண்டும். முதல் ஃபிரெட்டுகளில் இடைவெளி அகலமாதலால் இடக்கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து ஒரே ஃபிரெட்டை அழுத்துவது மணிக்கட்டைக் காக்கும். வாசிக்காத தந்திகளை ஒலிக்கவிடாமல் தடுப்பது, வாசிப்பதற்குச் சமமான திறமை.

சென்னை அண்ணா சாலையில் 1842இல் தொடங்கிய மியூசி மியூசிகல் போன்ற நிறுவனங்களும், ரகுமான் 2008இல் நிறுவிய கே.எம். இசைக் கல்லூரியும் மேற்கத்திய இசைக் கல்வி தருகின்றன. 1991இல் இங்கிலாந்தில் தொடங்கிய ராக்ஸ்கூல், பேஸ் கிட்டாருக்கும் படிநிலைத் தேர்வுகளைக் கொண்டுவந்தது. டிரினிட்டியும் பின்னர் அவ்வாறே செய்தது. பொருளாதாரத் தாராளமயத்துக்கு முன் வெளிநாட்டுக் கருவி கிடைப்பது அரிதாக இருந்தது. கொல்கத்தாவில் தயாரான கிவ்சன் போன்ற கருவிகளிலேயே பலர் பழகினர். இன்று கருவி எளிதில் கிடைக்கிறது. வாங்கும்போது தந்தியின் உயரம், கழுத்தின் வளைவு, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் சுருதி சேர்கிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

புதுச்சேரியில்

பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954இல் இந்தியாவோடு நடைமுறையிலும், 1962இல் சட்டப்படியும் இணைந்த புதுச்சேரிக்கு மேடை இசையில் தனித்த மரபு உண்டு. பிரான்சில் 1982இல் தொடங்கிய ஃபெத் தெ லா மியூசிக் என்ற இசைநாள் இங்கும் ஜூன் மாதத்தில் கொண்டாடப்படுகிறது. அருகிலுள்ள ஆரோவில்லில் வாழ்ந்த மிஷ்கோ ம்பா, எமர்ஜென்ஸ் குழுவின் பேஸ் கலைஞராக அறியப்பட்டவர்.

ஊரின் அமைப்பே பேஸ் ஒலியை மாற்றும். கடற்கரைத் திறந்தவெளியில் தாழ் அதிர்வுகளைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லாததால் ஒலி மெலிந்து போகும். பெரிய ஸ்பீக்கரும் கூடுதல் வாட்டும் தேவை. கூபேர் பெயரால் வழங்கும் பெரிய மார்க்கெட்டைச் சுற்றி நேரு வீதி, ரங்கப்பிள்ளை வீதி போன்ற நெருக்கமான தெருக்களிலோ இரு பக்கச் சுவர்களும் தாழ் அதிர்வுகளைத் திருப்பியடித்துக் குழப்பும். அங்கே தாழ்பகுதியைக் குறைத்து வைப்பதே நல்லது. உப்புக்காற்று மற்றொரு சிக்கல். எஃகுத் தந்தியும் பிக்கப் திருகும் விரைவில் துருப்பிடிக்கும். ஈரப்பதம் மாறும்போது கழுத்து வளையும். அதனுள் இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைச் சிறிது திருகிச் சரிசெய்ய வேண்டும். வாசித்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைத்து, பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது கடலோரக் கலைஞர்களுக்கு அவசியம்.

மதிப்பீடு

மேற்கில் பேஸ் கிட்டாரின் வரலாறு பெரும்பாலும் கலைஞர்களின் வரலாறு. தமிழகத்தில் அது முதன்மையாக இசையமைப்பாளரின் எழுத்து வழி வளர்ந்தது. பழைய ஒலிப்பதிவுகளில் பேஸ் கலைஞரின் பெயர் இசைத்தட்டு உறையில் இடம்பெறுவது அரிது. கலைஞரைப் பெயரால் தேடிக் கற்க வழி குறைவு. ஆகவே பழகுபவர், பாடகரின் வரியை மனத்தில் நிறுத்திக்கொண்டு, ஒரு பாடலின் பேஸை மட்டும் முழுதாகக் காதால் கேட்டு எழுதிப் பார்க்க வேண்டும். தமிழ் பேஸ் மரபுக்கு இன்று கிடைக்கும் சிறந்த பாடநூல் அந்தப் பாடல்களே.