இலை எண்ணெய்ப் பயிர்கள்

விதையிலும் கனியிலும் இயல்பாகச் சேரும் எண்ணெயை இலையிலும் தண்டிலும் சேர்த்துவைக்கும்படி மரபணு மாற்றம் செய்யப்பட்ட தாவரங்கள் இலை எண்ணெய்ப் பயிர்கள் எனப்படுகின்றன. உயிரி டீசலுக்கும் விமான எரிபொருளுக்கும் மூலப்பொருளாகவே இவை பெரும்பாலும் ஆராயப்படுகின்றன. ஒரு கிராம் எண்ணெயில் ஏறத்தாழ 38 கிலோஜூல் ஆற்றல் உண்டு. அதே எடையுள்ள மாவுச்சத்தில் 17 கிலோஜூல்தான். எள், சோயா போன்ற வித்துப் பயிர்களில் செடியின் பெரும்பகுதியான இலையும் தண்டும் எண்ணெய்க் கணக்கில் வருவதில்லை. அந்தப் பச்சைப் பகுதியில் சிறு விழுக்காடு எண்ணெய் சேர்ந்தாலும், உயிர்த்திரள் மிகுந்த கரும்பு போன்ற பயிரில் ஏக்கர் கணக்குக்கு அது பெரிய அளவாகும் என்பதே இத்துறையின் அடிப்படை எதிர்பார்ப்பு.

எண்ணெயை உருவாக்கும் திறன் இலைக்கு இல்லாமல் இல்லை. கொழுப்பு அமிலங்கள் பசுங்கணிகத்தில் ஓயாமல் உருவாகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை செல் சவ்வுகளைக் கட்டுவதற்குச் சென்றுவிடுகின்றன; மிஞ்சியவை பெராக்சிசோம் என்ற நுண்ணுறுப்பில் சிதைக்கப்படுகின்றன. இதனால் பச்சை இலையின் உலர் எடையில் எண்ணெய், அதாவது டிரைகிளிசரைடு, 1 விழுக்காட்டுக்கும் கீழேயே நிற்கிறது. இலை பழுக்கும்போது அது சற்றுக் கூடும். குலையும் பசுங்கணிகச் சவ்வுகளிலிருந்து விடுபடும் கொழுப்பு அமிலங்கள் சிறிது காலம் எண்ணெயாகத் தங்குவதே அதற்குக் காரணம்.

இத்துறைக்கு அடித்தளமிட்ட ஆய்வுகள் எரிபொருளை நோக்கமாகக் கொண்டு தொடங்கியவை அல்ல. விதை எப்படி எண்ணெய் சேர்க்கிறது என்ற தாவரவியல் கேள்வியிலிருந்து பிறந்தவை அவை. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடியான அராபிடாப்சிஸில், விதை சுருங்கிப்போன ஒரு வகையை 1998இல் ஃபாக்ஸ், பென்னிங் ஆகியோர் விவரித்தனர். அவ்விதைகளில் எண்ணெய் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்திருந்தது. ரிங்கிள்டு1 எனப்படும் அந்தப் பழுதான மரபணு 2004இல் அடையாளம் காணப்பட்டது. சர்க்கரையைக் கொழுப்பு அமிலமாக்கும் பல நொதிகளின் மரபணுக்களை ஒருசேர இயக்கும் முதன்மை விசை அது. எண்ணெய் உருவாக்கத்தின் கடைசிப் படியைச் செய்யும் டிஜிஏடி1 என்ற நொதியின் மரபணுவும் 1999இல் அதே செடியில் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே அதைப் புகையிலையில் புகுத்தியபோது இலையின் எண்ணெய் பல மடங்கு உயர்ந்தது. ஆயினும் தொடக்க அளவே சொற்பம் என்பதால், பயிராக்கும் எண்ணத்துக்கு அது போதவில்லை.

2010இல் ஃபிலடெல்ஃபியாவின் தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழகக் குழு, விதை வளர்ச்சியை இயக்கும் எல்.இ.சி.2 என்ற மரபணுவைப் புகையிலையில் செயல்படச் செய்து, பிரித்தெடுக்கக்கூடிய கொழுப்பு அமிலங்களை உலர் எடையில் 6.8 விழுக்காடு வரை கொண்டுவந்தது. சிதைவைத் தடுக்கும் வழியும் அதே காலத்தில் சோதிக்கப்பட்டது. அராபிடாப்சிஸில் சிஜிஐ-58 என்ற மரபணு செயலிழந்தால் இலையில் எண்ணெய்த் துளிகள் பெருகுவதை வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு காட்டியது.

தனித்தனி வழிகளால் வந்த பலன் அளவோடு நின்றது. அவற்றை ஒன்றுசேர்த்ததே திருப்புமுனை. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் தாமஸ் வான்ஹெர்க்கேயின் குழு, கொழுப்பு அமில உற்பத்தியைத் தூண்ட ரிங்கிள்டு1, அவற்றை எண்ணெயாகக் கோக்க டிஜிஏடி1, உருவான துளிகளைச் சிதையாமல் காக்க எள்ளின் ஒலியோசின் என மூன்று மரபணுக்களைப் புகையிலையில் ஒருங்கே புகுத்தியது. 2014இல் வெளியான முடிவின்படி எண்ணெய் இலையின் உலர் எடையில் 15 விழுக்காட்டைத் தாண்டியது. 2017இல், எல்.இ.சி.2ஐச் சேர்த்தோ, எண்ணெயை உடைக்கும் எஸ்.டி.பி.1 நொதியை அடக்கியோ, அதே குழு 30 விழுக்காட்டையும் கடந்தது. பல வித்துக்களுக்கு நிகரான அளவு இது. புகையிலையைத் தேர்ந்ததற்குக் காரணம் வசதிதான்: மரபணுவை எளிதில் ஏற்கும், இலை மிகுதி.

உண்மையான இலக்கு புல்லினப் பயிர்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் அர்பா-ஈ அமைப்பின் நிதியில், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் லாங் தலைமையில் நடந்த பெட்ராஸ் திட்டம் கரும்பையும் சோளத்தையும் எடுத்துக்கொண்டது. கரும்பு கடினமான களம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாவாவிலும் கோயம்புத்தூரிலும் காட்டுக் கரும்போடு நடந்த கலப்புகளின் வழிவந்த இன்றைய கரும்பில் 100க்கு மேற்பட்ட குரோமோசோம்கள் உண்டு. ஒரே மரபணுவுக்குப் பல படிகள் இருப்பதால் எதையும் முழுதாக அடக்குவது அரிது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ஃப்ரெடி ஆல்ட்பீட்டர் குழு 2016இல் அறிவித்த முதல் எண்ணெய்க் கரும்பில் இலையின் உலர் எடையில் 1.9, தண்டில் 0.9 விழுக்காடே எண்ணெய் இருந்தது. சாதாரணக் கரும்போடு ஒப்பிட்டால் இது பன்மடங்கு; புகையிலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. சோளத்தில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. 2019இல் இலைப் பருவத்தைப் பொறுத்து 3 முதல் 8.4 விழுக்காடு வரை எட்டியது. 2017 முதல் இல்லினாயை மையமாகக் கொண்ட கேபி ஆய்வு மையம் இப்பணியைத் தொடர்கிறது. சாறு எத்தனாலுக்கும் சக்கையில் தங்கும் எண்ணெய் டீசலுக்கும் ஆகும் என்பதே அதன் கணக்கு.

முட்டுக்கட்டை எண்ணெய் உருவாக்கத்தில் இல்லை, வளர்ச்சியில் உள்ளது. இரவில் செடி வளரப் பயன்படும் மாவுச்சத்தின் கார்பனை எண்ணெய் இழுத்துக்கொள்கிறது. ரிங்கிள்டு1 எல்லாத் திசுக்களிலும் இடைவிடாது இயங்கினால் செடி குட்டையாகிறது. எண்ணெய் விழுக்காடு ஏறி உயிர்த்திரள் இறங்கினால் ஏக்கர் கணக்கில் லாபம் ஏதுமில்லை. ஆதலால் வளர்ச்சி முடிந்த பின், முதிர்ந்த இலையில் மட்டும் இயங்கும் மரபணு விசைகளைத் தேடுவதே இன்றைய ஆய்வின் முதன்மை வேலை. வயல் சோதனை இல்லாத பசுமைக்குடில் எண்களை இந்தத் துறையில் எச்சரிக்கையோடுதான் கொள்ள வேண்டும்.

எரிபொருளுக்கு அப்பாலும் ஒரு கிளை உண்டு. நியூசிலாந்தின் அக்ரிசர்ச் நிறுவனம் ஆற்றல் மிகுந்த கால்நடைத் தீவனமாக ரைகிராஸ் புல்லில் இலை எண்ணெயைக் கூட்டியது. அதன் வயல் சோதனை அமெரிக்காவில் நடந்தது. எரிபொருளுக்கான இலை எண்ணெய்ப் பயிர் எதுவும் பரவலான வணிகச் சாகுபடிக்கு இன்னும் வரவில்லை.