வெள்ளிமலையும் வாயு மண்டலமும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி வெள்ளிமலையை அடைகிறவர்கள் முதலில் உணர்வது குளிர்ச்சியை. ஆனால் 2,000 அடிக்கும் 3,000 அடிக்கும் இடைப்பட்ட அம்மலைப் பிரதேசத்தில் உஷ்ணத்தோடு கூடவே தலைக்குமேல் நிற்கும் காற்றின் பாரமும் குறைந்துபோகிறது. 3,000 அடி ஏறினால் வாயு மண்டலத்தின் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு நம் காலுக்குக் கீழே தங்கிவிடுகிறது. அதனால் அங்கே சாமைச் சோற்றுக்கு வைத்த உலைநீர் 100 பாகையை எட்டுவதற்கு முன்பே, 97 பாகையளவில், கொதித்துவிடுகிறது. பழைய நில அளவைக்காரர்கள் மலையுச்சியில் தண்ணீரைக் காய்ச்சி, அது கொதிக்கும் உஷ்ணத்தைக் கொண்டே மலையின் உயரத்தைக் கணித்ததும் இந்த நியதியின்படிதான்.

காற்றின் பாரம் இவ்வாறு குறைந்தாலும் அதன் சேர்மானம் மாறுவதில்லை. கடற்கரையிலும் வெள்ளிமலையிலும், இன்னும் பல மைல் உயரத்திலும், உலர்ந்த காற்றில் நைட்ரஜன் நூற்றுக்கு 78 பங்கு, பிராணவாயு 21 பங்கு, ஆர்கான் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு, கரியமில வாயு பதினாயிரத்தில் நான்கு பங்கு என்ற கணக்கு நிலைத்து நிற்கிறது. இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் பெரிதும் மாறுவது நீராவி ஒன்றே. தினையும் சாமையும் விதைத்துவிட்டு மேகத்தை எதிர்பார்த்திருக்கும் அம்மலைவாழ் மலையாளிப் பழங்குடிகளின் வாழ்வோ அந்த ஒன்றையே பற்றி நிற்கிறது. நம் நாட்டில் வாயு மண்டலத்தைப் பற்றிய ஆராய்ச்சி வளர்ந்த சரித்திரமும், பெரும்பகுதி, அந்த நீராவியைத் தேடிய சரித்திரம்தான் என்பது என் கருத்து.

அச்சரித்திரம் சமவெளியில் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானசாஸ்திர நிலையம் கட்டியது 1792-ல். அங்கே ஜான் கோல்டிங்ஹாம் என்பவர் 1796 முதல் காற்றின் அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் ஒழுங்காகக் குறித்துவரலானார். அவர் 1820-ஐ ஒட்டிச் செய்த ஒரு சோதனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத் தோன்றும். சென்னைக் கோட்டையிலும், நிலையத்திலிருந்து ஐந்து மைலுக்கு அப்பாலுள்ள பரங்கிமலையிலும் காலையிலும் மாலையிலும் பீரங்கி முழங்குவது அந்நாள் வழக்கம். அதன் ஒளி கண்ணுக்குப் பட்ட கணத்திலிருந்து ஓசை காதுக்கு எட்டும் வரையில் சென்ற வினாடிகளை மாதக்கணக்கில் எண்ணிப் பதிவு செய்து, வெயில் மாதங்களில் ஒலி விரைந்தும் குளிர் மாதங்களில் தாமதித்தும் வருவதை அவர் நிறுவினார். நகரத்தாருக்குப் பொழுதறிவித்த வெடியோசை, கண்ணுக்குத் தெரியாத காற்றின் தன்மையை அளக்கும் கருவியாயிற்று. அம்முடிவுகள் 1823-ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் இடம்பெற்றன.

பிறகு சூரியனைக் கவனிப்பதும் இச்சரித்திரத்தோடு சேர்ந்தது. 1868 ஆகஸ்டு 18-ஆம் தேதி சென்னை ராஜதானியின் குண்டூர், மசூலிப்பட்டினம் முதலிய ஊர்களில் பூரண சூரிய கிரகணம் தெரிந்தது. அப்போது சூரியனின் விளிம்பொளியில் காணப்பட்ட புதிய மஞ்சள் ரேகை, அதுவரை யாரும் அறியாத ஒரு வாயுவினுடையது என்று முடிவு செய்தவர் நார்மன் லாக்யர், அதுவே ஹீலியம். நம் காற்றிலும் அது பத்து லட்சத்தில் ஐந்து பங்கு உண்டு. லாக்யரின் பெயர் தமிழ்நாட்டுக்கு இதைவிட நெருக்கமான வேறொரு காரியத்தில் மறுபடியும் வருகிறது.

1876-ல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லிச் சொல்லிக் கலங்கிய அந்தக் கொடுமை 1878 வரை நீடித்தது; கல்வராயன் மலைக்கு மேற்கே கிடக்கும் சேலம் ஜில்லா அதில் மிகக் கடுமையாக அடிபட்டது. கஞ்சித் தொட்டிகளின் முன் ஜனங்கள் மடிந்துகொண்டிருந்த 1877-ஆம் ஆண்டிலேயே, லாக்யரும் ஹண்டர் என்பவரும் சேர்ந்து, சூரியனில் கரும்புள்ளிகள் குறையும் காலங்களில் சென்னையில் மழையும் குறைகிறது என்று எழுதினார்கள். சூரியனைத் தினந்தோறும் கவனித்தால் பஞ்சத்தை முன்னறியலாம் என்ற நம்பிக்கை அதனால் வலுப்பெற்றது. 1899-ல் கோடைக்கானலில் 7,600 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் சூரிய ஆராய்ச்சி நிலையம் எழுந்ததற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம். கரும்புள்ளிக்கும் மழைக்கும் சொல்லப்பட்ட சம்பந்தம், மழையை முன்கூட்டிச் சொல்லும் அளவுக்குப் பிற்காலச் சோதனைகளில் உறுதிப்படவில்லை. ஆயினும் பஞ்சத்தின் வேதனையிலிருந்து பிறந்த அந்த முயற்சியை வீண் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

ஏனெனில் 1928-ல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டாப்ஸன், உலகமெங்கும் ஓஸோன் வாயுவை அளக்கத் தம் நிறமாலைக் கருவிகளை அனுப்பியபோது, அவற்றில் ஒன்று கோடைக்கானலுக்கு வந்தது. சூரியனின் புற ஊதாக் கதிரில் எவ்வளவு மறைந்துபோகிறது என்பதைக் கண்ணாடித் தகடுகளில் பதிவு செய்து பார்த்ததில், நம் பிரதேசத்தின் ஆகாயத்தில் ஓஸோன் ஐரோப்பாவைவிடக் குறைவு என்பதும், பருவத்துக்குப் பருவம் அது அதிகம் மாறுவதில்லை என்பதும் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டே பாலக்காட்டைச் சேர்ந்த கே. ஆர். ராமநாதன், பல தேசங்களில் பறக்கவிடப்பட்ட பலூன்கள் கொண்டுவந்த அளவுகளை ஒன்றுசேர்த்து, அறிஞர் உலகைத் திகைக்கச் செய்த உண்மையொன்றைக் காட்டினார். வெயில் மிகுந்த பூமத்திய ரேகைக்கு மேலே, ஏறக்குறைய 17 கிலோமீட்டர் உயரத்தில், துருவங்களுக்கு மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்த காற்று நிற்கிறது. அதன் உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே 88 பாகை வரை இறங்குகிறது. சி. வி. ராமனிடம் பயின்று வானிலை இலாகாவில் பணிபுரிந்த இவர், பின்னாளில் ஆமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் இயக்குநரானார். சர்வதேச ஓஸோன் கமிஷனுக்குத் தலைமையும் வகித்தார்.

அந்தக் குளிர் எதற்குப் பயன் என்று கேட்கலாம். வங்கக் கடலிலிருந்து எழும் நீராவி, மலைச்சரிவில் மோதியும் வெயிலில் கிளர்ந்தும் உயர உயரக் குளிர்ந்து மேகமாகிறது. அதில் தப்பி மேலேறுவதும் அக்குளிரடுக்கில் பனித்துகளாக உறைந்துபோகிறது. ஆகவே அதற்கு மேலுள்ள ஸ்ட்ரடாஸ்பியர் என்னும் அடுக்கில் நீராவி பத்து லட்சத்தில் சில பங்கே உண்டு. அந்தத் தடை இல்லாதிருந்தால், நீராவி மேன்மேலும் உயர்ந்து, புற ஊதாக் கதிரால் பிளவுபட்டு, அதிலுள்ள ஹைட்ரஜன் யுகயுகமாக அண்டவெளியில் கலந்து மறைந்திருக்கும். கல்வராயன் மலையில் பிறந்து கள்ளக்குறிச்சி வயல்களுக்குப் பாயும் கோமுகி ஆற்றுக்கு நீர் மீண்டும் மீண்டும் கிடைப்பது, அந்த 17 கிலோமீட்டர் உயரத்துக் குளிரின் காவலால்தான்.