மரத்தில் கட்டிய கேமரா: வேட்டைக்காரர்களின் ட்ரெயில் கேமரா வந்த கதை

அமெரிக்காவில் மான் வேட்டைப் பருவம் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது. அதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே வேட்டைக்காரர்கள் ட்ரெயில் கேமரா வாங்கக் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஏறக்குறைய ஒரு செங்கல் அளவு, இலைதழை நிறம் பூசிய பெட்டி, அவ்வளவுதான். மான்கள் நடக்கும் தடத்தின் ஓரமாக ஒரு மரத்தில் அதை வாரால் கட்டிவிட்டு வந்துவிட்டால் போதும். எதிரே எது கடந்தாலும் தானே படம் எடுத்து, தேதியும் நேரமும் பதித்து வைத்துக்கொள்ளும். எத்தனை மான் வருகிறது, எதற்குக் கொம்பு பெரிது, அது விடியலில் வருகிறதா நடுராத்திரியிலா என்பதெல்லாம் ஆள் காட்டுக்குள் உட்காராமலே தெரிந்துவிடும். நம் ஊர்ப் பத்திரிகைகளில் "சிறுத்தை நடமாட்டம், வனத்துறையினர் தானியங்கி கேமரா பொருத்தினர்" என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அதே கருவிதான்.

எதை வாங்குவது என்று யோசிப்பவர்கள் கடைசியில் கேட்பது மூன்றே விஷயங்கள். விலங்கு வந்ததைக் கேமரா எப்படித் தெரிந்துகொள்கிறது? இருட்டில் அதற்கு வெளிச்சம் எங்கிருந்து கிடைக்கிறது? எடுத்த படம் நம் கைக்கு எப்படி வந்து சேர்கிறது? இந்தக் கேள்விகளுக்கு நூற்றுமுப்பது வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வரலாற்றைத் தொடங்கி வைத்தவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்ட ஒரு வேட்டைக்காரர்!

அவர் பெயர் ஜார்ஜ் ஷைராஸ் (மூன்றாமவர்). 1859ல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். தந்தை அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. மகனும் வழக்கறிஞர்தான், 1903 முதல் 1905 வரை நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். ஆனால் மனசெல்லாம் மிச்சிகன் மாநிலத்தின் வட பகுதியில் இருந்த வைட்ஃபிஷ் ஏரியில்தான். சிறுவயதிலிருந்தே அங்கே வேட்டைக்குப் போய்வந்தார்.

அந்தப் பகுதியின் ஓஜிப்வே பழங்குடியினரிடம் ஒரு வேட்டை முறை இருந்தது. படகின் முனையில் ஒரு சட்டியில் நெருப்பு மூட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் இரவில் ஏரிக்கரையோரமாகப் போவார்கள். தண்ணீர் குடிக்க வந்த மான் அந்த வெளிச்சத்தைப் பார்த்து அசையாமல் நின்றுவிடும். அதன் கண்கள் இரண்டும் இருட்டில் மின்னும். நெருப்புக்குப் பின்னால் இருக்கும் ஆள் அதற்குத் தெரியமாட்டார். அந்தக் கண்களுக்கு நடுவே குறி வைத்தால் தப்பாது.

ஷைராஸ் இந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டார். துப்பாக்கி இருந்த இடத்தில் மட்டும் கேமராவை வைத்தார். நெருப்புச் சட்டிக்குப் பதில் விளக்கு. படம் எடுக்கும் நொடியில் மக்னீசியப் பொடியைக் கொளுத்திப் பெரிய வெளிச்சம். அந்தப் பொடி துப்பாக்கி மருந்துபோல வெடிக்கும். 1889ல் தொடங்கிய இந்த முயற்சி அடுத்த சில வருடங்களில் இன்னொரு படி தாண்டியது. ஆளே வேண்டாம் என்று கேமராவைக் கரையில் வைத்து, அதிலிருந்து ஒரு கம்பியை இழுத்து இரையில் கட்டிவிட்டார். விலங்கு இரையை இழுத்தால் வெளிச்சம் வெடிக்கும், படம் பதியும். தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்ட விலங்கு காட்டுக்குள் தலைதெறிக்க ஓடும். இன்றைய ட்ரெயில் கேமராவின் பாட்டன் இதுதான்.

1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரபிக் பத்திரிகை இவருடைய படங்களில் 74ஐ ஒரே இதழில் வெளியிட்டது. இரவுக் காட்டை அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வாசகர்கள் கொண்டாடினார்கள். அறிவியல் பத்திரிகையைப் படப் புத்தகமாக்குகிறார்கள் என்று கோபப்பட்டு நிர்வாகக் குழுவிலிருந்து இருவர் விலகியதும் நடந்தது. படங்களைப் பார்த்த குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், இதையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதுங்கள் என்று ஷைராஸுக்குக் கடிதம் எழுதினார். ரூஸ்வெல்ட்டும் பெரிய வேட்டைப் பிரியர் என்பது தெரிந்ததே. புத்தகம் வர 1935 ஆகிவிட்டது. அதற்குள் ரூஸ்வெல்ட் காலமாகிவிட்டார். அந்தப் புத்தகத்தின் தலைப்பிலும் 'வேட்டை' என்ற சொல்லை ஷைராஸ் விடவில்லை. கேமராவால் ஆடுவதும் வேட்டைதான் என்பது அவர் கட்சி. வலசைப் பறவைகளைக் காக்க 1904ல் அவர் கொண்டுவந்த மசோதா அப்போது நிறைவேறவில்லை. ஆனால் 1918ல் வந்த சட்டத்துக்கு அதுவே வழி போட்டது.

கம்பி கட்டும் முறை அதன் பிறகு வேட்டைக்காரர்களைவிட இயற்கை ஆய்வாளர்களிடமே அதிகம் வளர்ந்தது. ஃபிராங்க் சாப்மன் பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் இப்படிக் கேமரா வைத்து பூமா, தபீர் போன்றவற்றின் படங்களை 1927ல் வெளியிட்டார். இந்தியாவில் அதே காலத்தில் எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி இமயமலை அடிவாரக் காடுகளில் புலி நடக்கும் பாதையில் கம்பி கட்டிக் காத்திருந்தார். அவருடைய புலிப் படங்கள் 1925ல் லண்டன் பத்திரிகையில் வந்தன. சுட்ட புலியின் மேல் காலை வைத்து நின்று படம் எடுத்துக்கொள்வது கௌரவமாக இருந்த காலம் அது! இரண்டு புலிகளின் வரிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை, படத்தை வைத்தே எந்தப் புலி என்று சொல்லிவிடலாம் என்பதையும் சாம்பியன் கவனித்தார். இந்த ஒரு கவனிப்பு பின்னாளில் மிகப் பெரிய வேலையைச் செய்தது.

அமெரிக்க மான் வேட்டைக்காரனுக்குக் கேமரா வெகு காலம் எட்டவில்லை. 1980களில் அவனிடம் இருந்தது நூல் கட்டிய ஒரு கடிகாரம். தடத்துக்குக் குறுக்கே நூலை இழுத்துக் கட்டிவிட வேண்டும். ஏதாவது வந்து நூலை இழுத்தால் கடிகாரம் நின்றுவிடும். மறுநாள் போய்ப் பார்த்தால் காலை 6.40க்கு ஏதோ ஒன்று வந்தது என்று தெரியும். வந்தது மானா, பக்கத்துப் பண்ணை நாயா, போட்டிக்கு வந்த இன்னொரு வேட்டைக்காரனா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

பிறகு அகச்சிவப்புக் கதிர் வந்தது. ட்ரெயில்மாஸ்டர் என்ற கருவியில் தடத்தின் ஒரு பக்கம் கதிரை அனுப்பும் பெட்டி, மறுபக்கம் அதை வாங்கும் பெட்டி. நடுவே எது புகுந்தாலும் கதிர் அறுபடும், இணைத்திருக்கும் 35 மி.மீ. ஃபிலிம் கேமரா இயங்கும். துல்லியமானதுதான், ஆனால் இரண்டு பெட்டியையும் நேருக்கு நேராக நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கேம்ட்ராக்கர் போன்றவை இதற்கு மாற்றாக ஒரே பெட்டியில் வேலையை முடித்தன. அவை உடல் சூட்டையும் அசைவையும் சேர்த்து உணர்பவை. ஆள் வந்தால் தானே எரியும் வாசல் விளக்கில் இருப்பதும் இதே உணரிதான். இன்றைய ட்ரெயில் கேமராக்களில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவையே.

இந்த உணரிக்கு ஒரு பலவீனம் உண்டு. சுற்றுப்புறத்துக்கும் விலங்கின் உடலுக்கும் சூட்டில் வித்தியாசம் இருந்தால்தான் அதற்குத் தெரியும். கொளுத்தும் வெயில் நாளில் மான் கடந்து போனாலும் பேசாமல் இருக்கும். வெயில் பட்டுச் சூடேறிய கிளை காற்றில் ஆடினால் படமாக எடுத்துத் தள்ளும். ஃபிலிம் சுருளில் இருப்பதே 36 படம். ஒரு வாரம் கழித்துப் போய்ச் சுருளை எடுத்து, கடையில் கொடுத்துக் கழுவி வாங்கினால் 36ம் ஆடுகிற புல்லாக இருந்த கதைகள் ஏராளம். காசும் போச்சு, வாரமும் போச்சு.

2000க்குப் பிறகு டிஜிட்டல் வந்ததும் இந்தச் செலவுக் கவலை தீர்ந்தது. கூடவே வேறொரு தலைவலி முளைத்தது. தொடக்க கால டிஜிட்டல் கேமராக்கள் உறக்கத்திலிருந்து விழித்துப் படம் எடுக்கச் சில நொடிகள் ஆகும். அதற்குள் மான் போய்விடும். படத்தில் வால் மட்டும் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. அதனால் விழிக்கும் வேகமே விற்பனைப் போட்டியின் மையமானது. விஸ்கான்சின் மாநிலத்தின் கட்பேக், ரெகோனிக்ஸ் நிறுவனங்கள் இந்த வேகத்தால் பெயர் வாங்கின. இங்கே வாங்குபவர் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மக்காச்சோளம் கொட்டி வைத்த இடத்திலோ உப்புக்கட்டி வைத்த இடத்திலோ மான் நின்று நிதானமாகத் தின்னும். அங்கே வேகம் தேவையில்லை. தடத்தில் நடந்து போகும் மானுக்குத்தான் வேகம் வேண்டும். கேமராவைத் தடத்துக்குச் சற்றுச் சாய்வாகத் திருப்பி வைத்தால் மெதுவான கேமராகூடப் பிழைத்துக்கொள்ளும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் மெகாபிக்சல் எண்ணைப் பெரும்பாலும் நம்ப வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் சிறிய சென்சார் எடுத்த படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கிச் சொல்லும் கணக்கு அது.

வெளிச்சத்திலும் இதே கதைதான். வெள்ளை ஃபிளாஷ் போட்டால் இரவிலும் வண்ணப் படம் கிடைக்கும், ஆனால் மான் மிரளுமோ என்ற பயம். 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கில் கருப்பு வெள்ளைப் படம் தூரம்வரை தெளிவாக விழும். விளக்கு எரியும்போது மங்கலாக ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். 940 நானோமீட்டரில் அந்தப் புள்ளியும் தெரியாது, தூரமும் தெளிவும் குறையும். பொது நிலத்தில் பலர் இந்த மூன்றாவதைத்தான் வாங்குகிறார்கள். மானுக்குப் பயந்து மட்டுமல்ல, கேமராத் திருடனுக்குப் பயந்தும்!

இந்தக் கருவிகளால் விளைந்த பெரிய நன்மை எண்ணிக்கை. ஆண் மானின் கொம்பு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. கொம்பை அடையாளமாக வைத்து ஆண் மான்களைத் தனித்தனியே எண்ணி, படங்களில் பெண் மான் எத்தனை பங்கு என்று பார்த்து மொத்தத்தைக் கணிக்கலாம் என்று 1997ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எத்தனை மானைச் சுடலாம், எவற்றை வளர விட வேண்டும் என்று முடிவு செய்யும் பல நில உரிமையாளர்களுக்கு இன்றும் இதுதான் வழி. அதே 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளெயில் உல்லாஸ் கரந்த் புலி வரிகளை வைத்து இதே கணக்கைப் போட்டார். வேட்டையே தடை செய்யப்பட்ட இந்தியாவில் இந்தக் கருவி புலிக் கணக்கெடுப்புக்கு முதுகெலும்பானது. 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து எடுத்த படங்கள் சுமார் 3.48 கோடி, அதில் புலி இருந்தவை 76,651. சாம்பியன் கவனித்த வரிகள்தான் இத்தனை படங்களிலிருந்து புலிகளைப் பிரித்துக் கொடுத்தன.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போனது. மூன்றாவது கேள்வியான 'படம் எப்படிக் கைக்கு வருகிறது' என்பதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. மெமரி கார்டை எடுக்கக் காட்டுக்குள் போனால் மனித வாடை அங்கே தங்கிவிடும், வயதான ஆண் மான் அந்தப் பக்கமே வராது. அதற்காகவே செல்போன் சிம் போட்ட கேமராவை விரும்பினார்கள். படம் எடுத்த சற்று நேரத்தில் கைப்பேசிக்கு வந்துவிடும். வசதிதான், சந்தேகமில்லை. ஆனால் தண்ணீர்க் குட்டையில் மான் நிற்பதைக் கூடாரத்தில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் துப்பாக்கியோடு கிளம்பினால் அது வேட்டையா? விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது வேட்டைக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட பழைய விதி. ரூஸ்வெல்ட் 1887ல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம், உடனுக்குடன் வரும் படத்தைப் பின்பற்றிப் போய்ச் சுட்ட விலங்கைத் தன் சாதனைப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

இந்தக் கோடு சரியான இடத்தில்தான் போடப்பட்டதா என்பது விவாதத்துக்குரியது. ஒரு மாதம் கார்டில் சேர்ந்த படங்களைப் பார்த்தாலும் மான் வரும் நேரம் தெரிந்துவிடுகிறதே! வறண்ட மேற்கு மாநிலங்களில் இந்த வித்தியாசமே அர்த்தமிழந்தது. அங்கே விலங்குகளுக்குத் தண்ணீர் கிடைக்கும் இடங்கள் குறைவு. ஒரே குட்டையைச் சுற்றிப் பல பேரின் கேமராக்கள் முளைத்தன. கார்டு மாற்ற ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், விலங்குகள் தண்ணீர் குடிக்கத் தயங்கின. நெவாடா 2018லேயே பொது நிலத்தில் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை தடை போட்டது. அரிசோனாவின் வனவிலங்கு ஆணையம் 2021 ஜூனில் வாக்கெடுத்து, 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்கு இந்தக் கேமராவைப் பயன்படுத்துவதையே முழுமையாகத் தடுத்தது. யூட்டாவும் 2022ல் ஜூலை கடைசி முதல் டிசம்பர்வரை பெரிய விலங்கு வேட்டைக்குத் தடை கொண்டுவந்தது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களிலும் நியாயம் இருந்தது. முன்கூட்டியே பார்த்து வைத்தவன்தான் குட்டியோடு இருக்கும் விலங்கையும் இளசையும் விட்டுவிட்டுச் சரியானதைச் சுடுவான் என்றார்கள். காட்டில் வாரக்கணக்கில் அலைய முடியாத வயதானவர்கள் என்ன செய்வார்கள் என்றும் கேட்டார்கள். ஆணையம் அசையவில்லை.

அரிசோனா விதி கேமராவைத் தடுக்கவில்லை, நோக்கத்தைத்தான் தடுத்தது. பண்ணைக்காரர் தன் மாடு தண்ணீருக்கு வருகிறதா என்று பார்க்கவோ, ஆய்வாளர் விலங்குகளை எண்ணவோ அதே குட்டையில், அதே மரத்தில் கேமராவைக் கட்டலாம். அதில் விழுந்த மானைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தால்தான் குற்றம்.