வரலாறும் வரவு செலவும்

வரலாறு பயின்றோர்க்கு என்ன தொழில் கிடைக்கும் என்று பெற்றோர் வினவும்போது, ஆசிரியத் தொழில் என்னும் ஒரு விடையையே நெடுங்காலம் கூறி வந்தோம். அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், நினைவு இல்லம் ஆகியனவும் வரலாற்று மாணவர்க்கு உரிய பணிக்களங்களே. இத்தகைய பணிகளுக்கென்றே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் 1976-ஆம் ஆண்டில் தனிப் பயிற்சி தொடங்கப்பெற்றது. இப்பணிகளை ஏற்போர்க்கு வரலாற்றறிவு மட்டும் போதுமா? வாணிகத் திறமும் வேண்டும் என்பேன். அதற்குச் சான்றாக அமெரிக்க நாட்டு வீடு ஒன்றின் கதையைக் காண்போம்.

அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்து 1799-இல் மறைந்த இல்லம் மவுண்ட் வெர்னன். வர்ஜீனியா மாநிலத்தில், பொட்டோமாக் ஆற்றங்கரையில் அஃது உள்ளது. அரை நூற்றாண்டு கழிந்தபின் அவ்வில்லம் சிதைந்து நின்றது. நடுவண் அரசும் வாங்க முன்வரவில்லை. மாநில அரசும் முன்வரவில்லை. 1853-இல் தென் கரோலினாவைச் சேர்ந்த ஆன் பமீலா கன்னிங்காம் என்னும் நோயுற்ற பெண்மணி, அதனைக் காக்குமாறு தென் மாநிலப் பெண்களுக்கு வேண்டுகோள் விடுத்தார்.

அவர் வெறும் உணர்ச்சியை மட்டும் நம்பி இருந்தாரல்லர். சங்கம் ஒன்றை நிறுவினார். அதனைச் சட்டப்படி பதிவு செய்வித்தார். மாநிலந்தோறும் பொறுப்பாளர் ஒருவரை அமர்த்தி நிதி திரட்டினார். எட்வர்டு எவரெட் என்னும் நாவலர் ஊர்தோறும் சொற்பொழிவாற்றியும் எழுதியும் ஏறத்தாழ 69,000 டாலர் ஈட்டித் தந்தார். 1858-இல் 2,00,000 டாலருக்கு ஒப்பந்தம் ஏற்பட்டது. முதலில் 18,000 டாலர். எஞ்சிய தொகை தவணைகளில். 1860 பிப்ரவரி 22-ஆம் நாள் இல்லம் சங்கத்தின் பொறுப்பில் வந்தது.

வாங்கியதோடு கவலை தீர்ந்ததா? இல்லை. மறு ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. நிதி வரத்துக் குன்றியது. பார்வையாளர் வரவும் தடைப்பட்டது. கூரையோ போரைக் காரணங் காட்டிப் பழுதாகாமல் இருக்குமா? சங்கச் செயலாளர் சாரா டிரேசி அம்மையார் அங்கேயே தங்கி, இரு தரப்புப் படைவீரரும் படைக்கலமின்றியே உள்ளே வரவேண்டும் என்று கேட்டு, இல்லத்தைக் காத்தார். வருவாய் குறையும் நாளுக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

இனி, இவற்றினும் இன்றியமையாத ஒன்றைக் கூறுவேன். 1799-ஆம் ஆண்டில் மவுண்ட் வெர்னன் நிலங்களில் 317 பேர் அடிமைகளாக வாழ்ந்தனர். அவர்களுள் 123 பேர் வாஷிங்டனுக்கே உரியவர்கள். நெடுங்காலம் பார்வையாளர்க்குச் சொல்லப்பட்ட கதையில் இம்மக்களுக்கு உரிய இடம் கிட்டவில்லை. 1983-இல் அவர்களுடைய இடுகாட்டில், ஹோவர்டு பல்கலைக்கழக மாணவர்கள் வடிவமைத்த நினைவுச் சின்னம் எழுந்தது. நன்கொடையாளர் விரும்பும் கதையை மட்டும் சொல்லும் இல்லம் பொருள் ஈட்டலாம், வரலாறு ஆகாது.

அந்த 317 பேரை நாம் எவ்வாறு அறிகிறோம்? வாஷிங்டன் தாமே எழுதிவைத்த பட்டியலால் அறிகிறோம். தம் உடைமையைக் கணக்கிடுவதற்காக அவர் எழுதிய ஏடு, இன்று அம்மக்கள் பெயர்களைத் தாங்கி நிற்கும் சான்றாக விளங்குகிறது. ஆகவே, கணக்கு அறிந்தவனுக்கு அலுவலகமும் நடக்கும். பழைய ஏடும் பொருள் விளங்கும்.

மாணவர்களே! பேரேடு எழுதவும், செலவுத் திட்டம் வகுக்கவும், ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துணரவும், உதவி வேண்டித் தெளிவாகக் கடிதம் வரையவும் கல்லூரி நாளிலேயே பழகுங்கள். உங்கள் வரலாற்று மன்றத்தின் சிறு நிதியே அதற்குப் பயிற்சிக்களமாகட்டும். அம்மன்றத்தின் கண்காட்சியில் எதனைச் சொல்வது என்பதை மட்டும் சான்றுகளைக் கொண்டு முடிவு செய்யுங்கள். பணப்பெட்டியைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.