தோளை இறக்கு

முதல் மூன்று வாரம் எனக்கு ஓர் அசைவுகூடச் சொல்லித் தரவில்லை. சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழே, காலை ஆறரை மணிக்கு, ஏழெட்டு வயதானவர்களோடு சேர்ந்து சும்மா நிற்க வேண்டும். பாதங்கள் தோள் அகலத்துக்கு. முழங்கால் லேசாக மடங்கி. உச்சந்தலையில் நூல் கட்டி யாரோ மேலே தூக்குவதுபோலக் கழுத்து. அவ்வளவுதான். இதுக்கா தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு வந்தோம் என்றிருந்தது. நான்காவது நிமிடம் தொடை நடுங்கும். அதற்கும் பிறகுதான் இடது தோள் வலதைவிட மேலே ஏறி நிற்பது தெரிந்தது. எத்தனை வருடமாக அப்படி நிற்கிறதோ!

லாவ்ஷி எழுபதைத் தாண்டியவர். பக்கத்தில் வந்து அந்தத் தோளில் இரண்டு விரலை வைத்து "சோங்" என்பார். சீனத்தில் தளர்த்து என்று பொருள். தளர்த்தினால் மொத்த உடம்பும் தொய்ந்துபோகும். "தூங்கச் சொல்லல, தளர்த்தச் சொன்னேன்" என்பார். எலும்பு தன் எடையைத் தாங்க வேண்டும், தசை தேவையில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. இது புரியவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

தாய் சி எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு அவர் ஜாங் சான்ஃபெங்கின் கதையைச் சொன்னார். வூடாங் மலையின் தாவோ துறவி. நாரையும் பாம்பும் சண்டையிடுவதைப் பார்த்து இந்தக் கலையைக் கண்டுபிடித்தாராம். கேட்க அழகாக இருந்தது. பல நூற்றாண்டுப் பழமையான மௌனம் ஒன்றுக்குள் நிற்கிறேன் என்று நம்பிக்கொண்டு, அதே வேகத்தில் வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். படித்திருக்கவே கூடாது என்று கொஞ்ச நாள் தோன்றியது.

அந்தக் கதையை உடைத்தவர் தாங் ஹாவ். 1897இல் பிறந்தவர். ஜப்பானில் சட்டம் படித்தவர். ஷாவோலின், வூடாங் பழங்கதைகளை ஆவணங்களோடு ஒப்பிட்டு 1930இல் ஒரு புத்தகம் எழுதினார். போதிதர்மரும் ஜாங் சான்ஃபெங்கும் தற்காப்புக் கலையைத் தோற்றுவித்தார்கள் என்பதற்கு ஆதாரமில்லை என்றார். கோபப்பட்ட பயில்வான்கள் அவரை அடிக்கத் திட்டமிட்டதாக ஒரு பேச்சு உண்டு. அடுத்து ஹெனான் மாகாணத்தில் வென் மாவட்டத்திலிருக்கும் சென்ஜியாகோ கிராமத்துக்குப் போய், சென் குடும்பத்தின் வம்சாவளிக் குறிப்பைப் பார்த்தார். மிங் ஆட்சியின் கடைசியில் வாழ்ந்த சென் வாங்டிங் என்ற போர்வீரரின் பெயர் அதில் இருந்தது. கலையைத் தொடங்கியவர் இவரே என்பது தாங் ஹாவின் முடிவு. எல்லோரும் அதை ஏற்கவில்லை, சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனால் அவர் காட்டிய இன்னொரு சான்றை ஒதுக்குவது கஷ்டம். கடற்கொள்ளையரோடு போரிட்ட பதினாறாம் நூற்றாண்டுத் தளபதி சி ஜிகுவாங், படைவீரர்களுக்காக எழுதிய நூலில் 32 கைச்சண்டை நிலைகளை விளக்கியிருக்கிறார். 'ஒற்றைச் சாட்டை', 'ஒற்றைக்காலில் நிற்கும் பொன்சேவல்' ஆகிய பெயர்கள் அங்கேயே இருக்கின்றன. புளோக்கின் கீழே ஆன்ட்டிகள் செய்வதும் அதே சேவல்தான்.

அப்படியானால் இந்த மெதுவான நடை? சென் குடும்பத்து முறையில் இன்றும் துள்ளல் உண்டு, தரையதிர மிதிப்பது உண்டு, திடீரென வெடிக்கும் குத்து உண்டு. ஹெபெய் மாகாணத்து யாங் லூசான் (1799–1872) அந்தக் கிராமத்தில் சென் சாங்சிங்கிடம் கற்று, பிறகு பெய்ஜிங்கில் மஞ்சு பிரபுக்களுக்குக் கற்பித்தார். அவருடைய பேரன் யாங் செங்ஃபு (1883–1936) துள்ளலை எடுத்துவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக ஓடும்படி வடிவத்தை மாற்றினார். 1928இல் அவர் ஷாங்ஹாய் போனபோது துப்பாக்கிக் காலம். குத்துச்சண்டைக்காரர்களின் 1900ஆம் ஆண்டு எழுச்சி குண்டுகளுக்கு முன் நசுங்கியிருந்தது. 'கிழக்காசியாவின் நோயாளி' என்ற பட்டத்தால் கூனிப்போயிருந்த நாடு அது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு முஷ்டி வேண்டாம், முதுகு வேண்டும். நான் ஆதிகாலத்து மௌனம் என்று நினைத்த மெதுநடை, என் கொள்ளுப்பாட்டி வயசு. நாங்கள் நின்று முடித்ததும் செய்யும் 24 அசைவு வரிசை அதைவிட இளையது. 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் தொகுத்தது.

ஏமாந்துபோன மாதிரி இருந்தது. ஒரு வாரம் கீழே போகவில்லை.

திரும்பிப் போனபோது லாவ்ஷி எதுவும் கேட்கவில்லை. மெலிந்த ஆன்ட்டி ஒருவரோடு 'தள்ளும் கைகள்' பழகச் சொன்னார். மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டிவைத்து, எதிராளியின் நிலையைக் கலைக்க வேண்டும். நான் நகர நினைத்தேன், நகரவில்லை, அதற்குள் அவர் என்னை இரண்டடி பின்னால் அனுப்பிவிட்டார். "உங்க தோள் முன்னாடியே சொல்லிடுச்சு" என்று சிரித்தார். அந்த இடது தோள்தான்!

இந்தத் திறனுக்குச் சீனத்தில் 'திங் ஜின்', கேட்கும் வலு, என்று பெயர். தொடுகை வழியாக எதிராளியின் எண்ணத்தைக் கேட்பது. அப்போதுதான் எனக்கு விஷயம் மாறியது. யாங் செங்ஃபு சொல்ல, அவருடைய மாணவர் சென் வெய்மிங் எழுதிவைத்த பத்துக் குறிப்புகளில் முதலாவது உச்சந்தலையைப் பற்றியது, நான்காவது எந்தக் காலில் எடை இருக்கிறது, எது வெறுமையாக இருக்கிறது என்பதைப் பற்றியது, ஐந்தாவது தோளையும் முழங்கையையும் இறக்குவது பற்றியது. உடலுணர்வுப் பயிற்சி என்று இன்று விளம்பரப்படுத்துகிறவை இவைதான். இவை முதலில் மன அமைதிக்காக வந்தவையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இறுகிய தோள் எதிராளிக்குக் கிடைக்கும் கைப்பிடி. அவனுக்கு முன்னால் அது எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற பயத்தில் பிறந்த அறிவு இது. வேகம் போனது, குத்து போனது, பயமும் போனது. அந்த அறிவு மட்டும் ஷாங்ஹாய் வழியாக எங்கள் புளோக்குக்கு வந்திருக்கிறது. 2020இல் யுனெஸ்கோ தாய் சியை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சேவல் அந்தப் பட்டியல் வரைக்கும் போய்விட்டது.

தாங் ஹாவ் பற்றி லாவ்ஷியிடம் சொல்லலாமா என்று பல நாள் யோசித்தேன். நாரைக் கதையை அவர் அவ்வளவு பிரியமாகச் சொல்லியிருந்தார். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது சொல்லியேவிட்டேன். கடைசிவரை கேட்டார்.

"அந்த வக்கீல் எப்பவாவது நின்னு பாத்திருக்காரா?"

"அவரும் தற்காப்புக் கலை கத்துக்கிட்டவர்தான் லாவ்ஷி."

கோப்பையைக் கீழே வைத்தார். "அப்போ சரி. நீ பேசும்போது தோள் ஏறுது பாரு."