விளக்கு மாடத்தின் வரலாறு

ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் நம் மக்கள் வாடகை அறையில் அடிக்கும் முதல் ஆணி பெரும்பாலும் சாமி படத்துக்குத்தான். அந்த ஆணிக்கும் ஒரு வரலாறு உண்டு.

சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வந்தது 1939இலும் 1947இலும். அதுவரை, பல ஊர்களில் அதன் பிறகும், நம் முன்னோர் கோயிலுக்கு வெளியேதான் நின்றார்கள். வீட்டுச் சுவரில் மாடம் வைத்தார்கள். செங்கல் நட்டு மஞ்சள் பூசினார்கள். செம்பில் வேப்பிலை செருகினார்கள். பூசாரியும் அவர்களே. தடுக்கப்பட்டவர்கள் தமக்குத் தாமே கட்டிக்கொண்ட கோயில் அது.

எல்லைக்கு அப்பால் கோலார் தங்கவயலில், சுரங்கத்துக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களிடம் அயோத்திதாசரின் பௌத்தம் வேரூன்றியது. 1898இல் சங்கம் கண்டு, 1907இல் ‘ஒரு பைசா தமிழன்’ தொடங்கிய அவர் அம்மனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அம்பிகையைப் பௌத்த பிக்குணி என்றார். கார்த்திகை தீபத்தைப் பௌத்த விழா என்றார். 1956இல் நாகபுரியில் அம்பேத்கர் வழங்கிய 22 உறுதிமொழிகளோ இந்து தெய்வங்களை விலக்கச் சொன்னவை.

இந்த இரண்டு வழிகளும் இன்று நம் வீட்டில் ஒரே பலகையில் நிற்கின்றன: அம்மாவின் அம்மன், மகளின் அம்பேத்கர். எதை எடுப்பது என்ற வாக்குவாதமும் நடக்கிறது. நடக்கட்டும், அது நம் வீட்டுக்குள் நாமே பேசித் தீர்ப்பது.

என் கவலை வேறு. கையில் காசு சேர்ந்ததும் கிருஷ்ணகிரி கிரானைட்டில் பூசையறை கட்டுகிறோம். அதைத் திறந்துவைக்கப் புரோகிதரைத் தேடுகிறோம். அன்றைக்குத்தான் அந்தக் கோயிலின் சாவி கைமாறுகிறது. மாடத்தை அழகாக்குங்கள். விளக்கை மட்டும் நீங்களே ஏற்றுங்கள்.